விண்டோஸ் 10 இலிருந்து மாறும்போது பழகிய கையைக் காப்பாற்றுதல்: மட்டக்களப்பு, அம்பாறைக் கணினிப் பயனர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10 இற்கு வழங்கிவந்த இலவச ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியுடன் நிறுத்திக்கொண்டது. அதனால் எந்தக் கணினியும் அன்று படுத்துவிடவில்லை; நின்றுபோனவை இலவசப் புதுப்பிப்புகளும் தொழில்நுட்ப உதவியும்தான். ஆனாலும் கல்முனை, காத்தான்குடி, களுவாஞ்சிகுடி, செங்கலடி என்று எங்கும் கொமினிகேஷன் கடைக்காரர்களும் ஆசிரியர்களும் அலுவலக உத்தியோகத்தர்களும் ஒவ்வொருவராக விண்டோஸ் 11 இற்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். சிலர் தாமாக விரும்பி மாறினார்கள், பலருக்குப் புதிய லப்டொப்புடன் அது கூடவே வந்து சேர்ந்தது. மாறியவர்களின் முறைப்பாடு பெரும்பாலும் ஒரே விதமாகத்தான் இருக்கிறது: "எல்லாம் இருக்கு, ஆனா ஒண்டும் இருந்த இடத்தில இல்ல."

இந்த முறைப்பாட்டைச் சோம்பல் என்றோ வயதின் கோளாறு என்றோ தள்ளிவிடுவது தவறு. நாள் முழுவதும் கணினியில் வேலை செய்பவர் திரையைப் படித்துப் படித்து வேலை செய்வதில்லை. ஸ்டார்ட் பட்டன் இடது மூலையில் இருப்பது அவருடைய மணிக்கட்டுக்குத் தெரியும். வலது கிளிக் செய்தபின் எத்தனை வரி கீழே இறங்கினால் 'கொப்பி' வரும் என்பதும் தெரியும். அந்த இடங்கள் மாறும்போது, முன்னர் யோசிக்காமல் நடந்த ஒவ்வொரு அசைவுக்கும் யோசிக்க வேண்டியிருக்கிறது. மாலையில் வரும் களைப்பு அதனால்தான்.

ஆகவே இந்த வழிகாட்டி ஒரே ஒரு நிலைப்பாட்டிலிருந்து எழுதப்படுகிறது. புதிய விண்டோஸ் முழுவதையும் பழையதுபோல ஆக்க முயலாதீர்கள். அது முடியாது, முடிந்தாலும் அடுத்த பெரிய புதுப்பிப்பில் பாதி கலைந்துவிடும். உங்கள் கை அதிகம் தொடும் சில இடங்களை மட்டும் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிட்டு, மிகுதியைப் பழகிக்கொள்ளுங்கள். எந்த இடங்கள் என்பதைத் தீர்மானிப்பதுதான் வேலையின் பெரும்பகுதி.

இந்த எரிச்சலுக்கு ஒரு வரலாறு உண்டு

1995 ஓகஸ்ட் 24 இல் வெளியான விண்டோஸ் 95 உடன் ஸ்டார்ட் பட்டன் வந்தது. பதினேழு ஆண்டுகள் அது அதே மூலையில் இருந்தது. 2012 ஒக்டோபர் 26 இல் வெளியான விண்டோஸ் 8, தொடுதிரைகளை மனத்தில் கொண்டு அந்தப் பட்டனை எடுத்துவிட்டு, திரை முழுவதையும் நிறைக்கும் சதுரக் கட்டங்களை வைத்தது. மவுஸும் விசைப்பலகையும் மட்டுமே வைத்திருந்தவர்கள் கணினியை அணைக்கும் வழியைக்கூடத் தேடித் திரிய வேண்டியிருந்தது. எதிர்ப்பு வலுத்தது, 2013 ஒக்டோபர் 17 இல் விண்டோஸ் 8.1 இல் பட்டன் மட்டும் திரும்பியது, 2015 ஜூலை 29 இல் விண்டோஸ் 10 உடன் பட்டியலும் திரும்பியது.

விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸ் உலகிலும் இதுவே நடந்தது. 2011 இல் க்னோம் என்ற லினக்ஸ் மேசைத்தளம் (டெஸ்க்டொப் சூழல்) தன் 3 ஆம் பதிப்பில் தோற்றத்தை அடியோடு மாற்றியபோது, அதை ஏற்காதவர்கள் பழைய க்னோம் 2 இன் நிரலை எடுத்து மாட்டே என்ற பெயரில் தொடர்ந்து பராமரித்தார்கள். லினக்ஸின் ஒரு வகையான லினக்ஸ் மின்ட்டின் குழு சினமன் என்ற தனி மேசைத்தளத்தை உருவாக்கியது. ஒபிஸ் 2007 இல் மெனுக்கள் போய் ரிப்பன் என்ற பட்டன் பட்டை வந்தபோது எழுந்த கூச்சலை நினைவில் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிப்பன் மட்டும் திரும்பிப் போகவில்லை.

2021 ஒக்டோபர் 5 இல் விண்டோஸ் 11 வந்தபோது டாஸ்க்பாரைப் புதிதாக எழுதியிருந்தார்கள். அதனால் முன்பு இருந்த பல வசதிகள் காணாமற்போயின. திறந்திருக்கும் ஒவ்வொரு ஜன்னலையும் பெயரோடு தனித்தனியாகக் காட்டும் வசதி அவற்றில் ஒன்று. ஒரே நேரத்தில் நான்கு வேர்ட் கோப்புகளைத் திறந்து வைத்திருக்கும் தட்டச்சுக்காரருக்கு அது உயிர்நாடி. அது 2023 இல்தான் திரும்பி வந்தது. இந்த வரலாற்றிலிருந்து நடைமுறைக்கு உதவும் ஒரு செய்தி கிடைக்கிறது: புதிய பதிப்பு வந்த கையோடு மாறுபவரே அதிகம் அவதிப்படுகிறார், ஓரிரு ஆண்டுகள் பொறுத்தவருக்கு முறைப்பாடுகளில் கணிசமானவை ஏற்கெனவே தீர்க்கப்பட்டிருக்கும்.

படி 1: ஒரு நாள் உங்கள் கையைக் கவனியுங்கள்

மாற்றுவதற்கு முன், வழமையான ஒரு வேலை நாளில் பக்கத்தில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, கணினியில் நீங்கள் திரும்பத் திரும்பச் செய்வதை எழுதுங்கள். மென்பொருள்களின் பெயர்களை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாமல் அசைவுகளையும் எழுதுங்கள். உதாரணமாக, ஒரு கொமினிகேஷன் கடையில் அந்தத் தாள் இப்படி இருக்கக்கூடும்: வட்ஸ்அப்பில் வந்த அடையாள அட்டைப் படத்தை டெஸ்க்டொப்பில் சேமித்தல், வலது கிளிக் செய்து அச்சிடுதல், பென்டிரைவைத் திறந்து பீடிஎப் எடுத்தல், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாறுதல், ஸ்கேனரைத் திறத்தல், இரண்டு வேர்ட் கோப்புகளுக்கு இடையே தாவுதல்.

அத்துடன் அந்தக் கணினியோடு இணைந்திருக்கும் எல்லாவற்றையும் மாதிரிப் பெயருடன் குறித்துக்கொள்ளுங்கள்: பிரிண்டர், ஸ்கேனர், ரசீது அச்சுப்பொறி, கைரேகைக் கருவி. விண்டோஸ் 11 இல் 32 பிட் பதிப்பே கிடையாது. 32 பிட் டிரைவர் மட்டுமே உள்ள பழைய ஸ்கேனர் அதில் வேலை செய்யாது, மிகப் பழைய 16 பிட் கணக்கு மென்பொருளும் திறக்காது. தோற்றம் மாறுவதைப் பற்றிக் கவலைப்படும் பலர், இந்த இடத்தில்தான் உண்மையில் அடிபடுகிறார்கள்.

படி 2: எந்தப் பாதை என்று தீர்மானியுங்கள்

விண்டோஸ் 11 இற்கு 64 பிட் புரொசெசர், 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பிடம், செக்யூர் பூட் வசதி, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புக் கூறு என்பன தேவை. இன்டெல் புரொசெசரானால் பொதுவாக எட்டாவது தலைமுறை அல்லது அதற்குப் பின்னையது வேண்டும். மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவசச் செயலியை இயக்கினால் ஆம், இல்லை என்று சொல்லிவிடும். காகிதத்தில் 4 ஜிபி போதும் என்று இருந்தாலும், 8 ஜிபிக்குக் குறைவாக வைத்துக்கொண்டு கடையில் வேலை செய்ய முயல வேண்டாம் என்பது என் கருத்து. வன்தட்டு பழைய சுழலும் வகையாக இருந்தால், விண்டோஸைப் பற்றி யோசிப்பதற்கு முன் அதை எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். "புது விண்டோஸ் மந்தம்" என்று சொல்லப்படும் முறைப்பாடுகளில் பெரும்பகுதி அந்த வன்தட்டைப் பற்றியதுதான்.

கணினி தகுதி பெறாவிட்டால், அல்லது இன்னும் கொஞ்சக் காலம் வேண்டுமென்றால், விண்டோஸ் 10 இற்கான நீடித்த பாதுகாப்புப் புதுப்பிப்புத் திட்டம் ஒன்று உண்டு. வீட்டுப் பாவனையாளருக்கு அது 2026 ஒக்டோபர் 13 வரையான ஓராண்டு அவகாசமாக அறிவிக்கப்பட்டது. கணினி அமைப்புகளை மைக்ரோசொப்ட் கணக்குடன் ஒத்திசைத்தால் அது இலவசம். இல்லையேல் 1000 மைக்ரோசொப்ட் ரிவார்ட்ஸ் புள்ளிகள் அல்லது 30 டொலர். விண்டோஸ் 10 இன் 22எச்2 பதிப்பில் இருப்பவர்கள் செற்றிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் இதைக் காணலாம். இது நிரந்தரத் தீர்வு ஆகாது என்றாலும், நல்ல ஒரு மூச்சு விடும் இடம்.

மூன்றாவது பாதை லினக்ஸ் மின்ட். அதைப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

தகுதியில்லாத கணினியில் தந்திரமாக விண்டோஸ் 11 ஏற்றித் தருவதாகச் சொல்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். ஏற்ற முடியும் என்பது உண்மைதான். ஆனால் அப்படியான கணினிக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து கிடைக்கும் என்பதற்கு மைக்ரோசொப்ட் உத்தரவாதம் தருவதில்லை. பிள்ளையின் பாட வேலைக்கு என்றால் பரவாயில்லை. மற்றவர்களின் ஆவணங்கள் வந்துபோகும் கடைக் கணினிக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 3: நாளைத் தெரிவுசெய்து, திரும்பும் வழியை வைத்துக்கொண்டு மாற்றுங்கள்

தவணைப் பரீட்சை வினாத்தாள்கள் வந்து குவியும் வாரத்திலோ, பல்கலைக்கழக விண்ணப்ப முடிவுத் திகதி நெருங்கும்போதோ மாற்றாதீர்கள். மாரி மழையில் மின்சாரம் போய் வரும் நாட்களையும் தவிருங்கள். மேம்படுத்தல் நடுவில் மின்சாரம் போனால் கணினி திறக்காமலே போகக்கூடும். மேசைக் கணினியானால் யூபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம், லப்டொப் ஆனால் பற்றரி நிறைந்திருக்க, சார்ஜரும் செருகியிருக்கட்டும். பதிவிறக்கம் பல ஜிபி வரும் என்பதால், டேட்டா பொதியில் இணையம் பாவிப்பவர்கள் இரவு நேர டேட்டாவைப் பயன்படுத்தலாம்.

முதலில் ஆவணங்கள் அனைத்தையும் வெளிப்புற வன்தட்டு ஒன்றில் நகலெடுங்கள். டெஸ்க்டொப்பில் கிடக்கும் கோப்புகளை மறந்துவிடாதீர்கள். எங்கள் பக்கத்தில் பலருடைய உண்மையான அலுமாரி டெஸ்க்டொப்தான். விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் 'பொன்ட்ஸ்' கோப்புறையிலிருந்து தமிழ் எழுத்துருக்களையும் தனியாக எடுத்து வையுங்கள். ஏன் என்பது ஆறாவது படியில் வரும்.

விண்டோஸ் 10 இன் மேலேயே மேம்படுத்துவதானால் பழைய பதிப்பு பத்து நாட்களுக்கு வன்தட்டில் இருக்கும். செற்றிங்ஸ், சிஸ்டம், ரிகவரி என்று போனால் 'கோ பேக்' என்ற பட்டன் தெரியும். அந்தப் பத்து நாட்களுக்குள் 'டிஸ்க் கிளீன்அப்' செய்து இடத்தை மிச்சப்படுத்த நினைக்காதீர்கள். திரும்பிச் செல்வதற்கான கோப்புகளும் சேர்ந்து போய்விடலாம். பிரிண்டர், ஸ்கேனர், கணக்கு மென்பொருள் மூன்றையும் முதல் இரண்டு நாட்களிலேயே சோதித்துவிடுங்கள். திரும்புவதானால் காரணம் பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும், நிறத்திலோ வடிவத்திலோ இருக்காது.

கடையில் இரண்டு கணினிகள் இருந்தால் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றது ஒரு மாதமாவது பழையபடி இருக்கட்டும்.

படி 4: முதல் ஒரு மணித்தியாலத்தில் செய்ய வேண்டியவை

டாஸ்க்பாரில் தொடங்குங்கள். டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் வலது கிளிக் செய்து 'டாஸ்க்பார் செற்றிங்ஸ்' திறந்து, 'டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்' பகுதியில் அலைன்மென்டை 'லெப்ட்' ஆக்கினால் ஸ்டார்ட் பட்டன் இடது மூலைக்கு வந்துவிடும். மாற்றங்கள் எல்லாவற்றிலும் இதுதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். நடுவில் இருக்கும்போது, ஒரு செயலியைத் திறந்தவுடன் படங்கள் கூடி ஸ்டார்ட் பட்டனே சற்று இடப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. நிலையான இடமில்லாத ஒன்றைக் கை ஒருபோதும் மனப்பாடம் செய்யாது. அதே பக்கத்தில் பட்டன்களை ஒன்றுசேர்ப்பதை 'நெவர்' ஆக்கினால் ஒவ்வொரு ஜன்னலும் பெயரோடு தெரியும். விட்ஜெட்ஸை அணைத்துவிடுங்கள். மூலையில் மவுஸ் தெரியாமல் பட்டாலே எழுந்து நிற்கும் அந்தச் செய்திப் பலகை டேட்டாவையும் தின்கிறது.

அடுத்து வலது கிளிக். விண்டோஸ் 11 இல் முதலில் சுருக்கமான பட்டியல் ஒன்று வருகிறது; வெட்டுதல், நகலெடுத்தல், பெயர்மாற்றல், நீக்கல் என்பன அதன் மேலே சிறு படங்களாகிவிட்டன. பழைய முழுப் பட்டியலுக்கு 'ஷோ மோர் ஒப்ஷன்ஸ்' அழுத்த வேண்டும். ஷிப்ட் விசையைப் பிடித்துக்கொண்டே வலது கிளிக் செய்தால் முழுப் பட்டியல் நேரடியாக வந்துவிடும். விண்டோஸின் உள் அமைப்புகள் பதியப்பட்டிருக்கும் ரெஜிஸ்ட்ரியில் மாற்றம் செய்து பழைய பட்டியலை நிரந்தரமாகக் கொண்டுவரும் வழியும் உண்டு, ஆனால் அதைத் தெரிந்தவர் ஒருவரைக் கொண்டு செய்வதே நல்லது. என்னைக் கேட்டால், ஷிப்ட் விசை போதும். இரண்டு நாளில் இடது கை அதைப் பழகிவிடும்.

பைல் எக்ஸ்புளோரரில் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஒப்ஷன்ஸ்' சென்று, திறக்கும் இடத்தை 'திஸ் பிசி' என்று மாற்றுங்கள். பென்டிரைவ் செருகியவுடன் அதைக் காண்பதற்கு இது உதவும். 'வியூ' பட்டியலில் 'கொம்பக்ட் வியூ' தெரிவுசெய்தால் வரிகளுக்கு இடையேயுள்ள வீண் இடைவெளி குறைந்து, ஒரே திரையில் கூடுதலான கோப்புகள் தெரியும். அதே பட்டியலில் 'ஷோ' என்பதன் கீழ் கோப்பு நீட்சிகளைக் காட்டச் சொல்லுங்கள். படம் என்று நினைத்து வைரஸைத் திறக்கும் ஆபத்து அதனால் குறையும்.

ஸ்டார்ட் பட்டியலின் 'ரெக்கமென்டட்' பகுதியைப் பற்றிக் கடைக்காரர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும். அண்மையில் திறந்த கோப்புகளை அது பெயரோடு காட்டும். மேசையின் மறுபக்கத்தில் நிற்கும் வாடிக்கையாளர், தனக்கு முன் வந்தவருடைய மருத்துவ அறிக்கையோ காணி உறுதியோ இன்ன பெயரில் திறக்கப்பட்டது என்று பார்க்க நேர்கிறது. செற்றிங்ஸ், பேர்சனலைசேஷன், ஸ்டார்ட் என்று போய், அண்மைய கோப்புகளைக் காட்டுவதையும் பரிந்துரைகளையும் அணைத்துவிடுங்கள். இது அழகு சம்பந்தப்பட்ட விடயம் அல்ல, வாடிக்கையாளரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டது.

கண்பார்வை குறைந்த பெரியவர்கள் பாவிக்கும் கணினியில் இன்னும் சிலவற்றைச் செய்யலாம். அக்சசிபிலிட்டி பக்கத்தில் எழுத்தளவைக் கூட்டுங்கள். 'விஷுவல் எபெக்ட்ஸ்' பகுதியில் ஸ்குரோல் பட்டையை எப்போதும் காட்டச் சொல்லி, ஒளியூடுருவும் தோற்றத்தையும் அசைவுகளையும் நிறுத்துங்கள். பக்கம் கீழே தொடர்கிறது என்பதையே சொல்லாமல் மறைந்துகொள்ளும் மெல்லிய ஸ்குரோல் பட்டை, அண்மைக்கால வடிவமைப்பின் மோசமான பழக்கங்களில் ஒன்று. "மகன், இதக் கொஞ்சம் பழையபடி ஆக்கித் தாங்க" என்று ஒரு பெரியவர் கேட்கும்போது, பல வேளைகளில் அவருக்கு வேண்டியிருப்பது பழைய விண்டோஸ் அல்ல, தெளிவாகத் தெரியும் எழுத்தும் விளிம்பும்தான்.

படி 5: ஒன்ட்ரைவ் விடயத்தில் கவனம்

புதிய கணினியை மைக்ரோசொப்ட் கணக்குடன் தொடங்கும்போது, டெஸ்க்டொப், டொகியூமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகிய மூன்று கோப்புறைகளையும் மைக்ரோசொப்டின் இணையச் சேமிப்புச் சேவையான ஒன்ட்ரைவ் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளக்கூடும். இலவச இடம் 5 ஜிபி மட்டுமே. கல்யாண அல்பம் ஒன்றை டெஸ்க்டொப்பில் போட்டாலே அது நிறைந்துவிடும். பின்னர் இடம் போதாது என்ற எச்சரிக்கை ஓயாமல் வரும், டேட்டாவும் பதிவேற்றத்தில் கரையும்.

டாஸ்க்பாரின் வலது ஓரத்தில் உள்ள மேகப் படத்தை அழுத்தி, செற்றிங்ஸில் 'மெனேஜ் பெக்அப்' சென்று மூன்றையும் அணையுங்கள். அணைத்த பின் டெஸ்க்டொப் காலியாகத் தெரிந்தால் பதற வேண்டாம். கோப்புகள் ஒன்ட்ரைவ் கோப்புறைக்குள் இருக்கும். அங்கிருந்து அவற்றைக் கணினியின் சொந்த டெஸ்க்டொப்புக்கு நகர்த்துங்கள். முழுவதும் வந்துசேர்ந்ததை உறுதிசெய்த பின்பே ஒன்ட்ரைவை நீக்க வேண்டும். செற்றிங்ஸில் உங்கள் வைபை இணைப்பை 'மீட்டர்ட் கனெக்ஷன்' என்று குறித்துவிட்டால், பெரிய பதிவிறக்கங்களும் கட்டுக்குள் இருக்கும். டொங்கிள் பாவிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது.

இப்படியான சேவை தானாகத் தொடங்குவதையும், அதை நிறுத்தும் வழி நான்கு கிளிக் தூரத்தில் இருப்பதையும் வசதி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பயனரின் விருப்பத்தைக் கேட்காமல் எடுக்கப்படும் முடிவுகள்தான், பட்டனின் நிறத்தை விடவும் வட்டமான மூலைகளை விடவும், மக்களை உண்மையில் கோபப்படுத்துகின்றன.

படி 6: தமிழ் எழுத்துருக்களும் விசைப்பலகையும்

பிறமொழி வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது. நம்மவருக்கோ அதிக நேரம் வீணாவது இங்கேதான்.

இலங்கையில் இன்னும் ஏராளமான கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கின்றன. பாமினி ஒருங்குறிக்கு (யூனிகோட்) முந்தியது. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்தி அமைக்கப்பட்டது. புதிதாக விண்டோஸ் ஏற்றிய கணினியில் பாமினி இல்லாதபோது, பழைய வினாத்தாளைத் திறந்தால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல் ஒன்று தெரியும். கோப்பு பழுதாகிவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கோப்புக்கு ஒன்றும் ஆகவில்லை, எழுத்துருவை நிறுவினால் எழுத்து திரும்பிவிடும்.

நிறுவும்போது ஒரு நுணுக்கம் இருக்கிறது. எழுத்துருக் கோப்பில் வெறுமனே 'இன்ஸ்டோல்' அழுத்தினால், விண்டோஸ் 10 இன் பிற்காலப் பதிப்புகளிலும் 11 இலும் அது அந்தப் பயனருக்கு மட்டுமே நிறுவப்படுகிறது. வேர்ட் அதைக் காணும். ஆனால் கல்யாண அட்டை வடிவமைப்பவர்கள் இன்னும் கைவிடாத பேஜ்மேக்கர், பழைய போட்டோஷொப் போன்றவற்றுக்கு அது தெரியாமல் போகலாம். ஆகவே வலது கிளிக் செய்து, முழுப் பட்டியலில் 'இன்ஸ்டோல் போ ஓல் யூசர்ஸ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள்.

லதா எழுத்துருவின் கதை வேறு. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து விண்டோஸில் தமிழ் என்றாலே லதாதான். விண்டோஸ் 10 இலிருந்து அது அடிப்படை நிறுவலில் இல்லை. நிர்மலா யூஐ அந்த இடத்துக்கு வந்துவிட்டது. லதாவில் அமைத்த இரண்டு பக்க வினாத்தாளை அது இல்லாத கணினியில் திறந்தால், எழுத்தின் அகலமும் வரி உயரமும் மாறி மூன்றாம் பக்கத்தில் நான்கு வரி விழும், அட்டவணைகள் குலையும். செற்றிங்ஸின் தேடல் பெட்டியில் 'ஒப்ஷனல் பீச்சர்ஸ்' என்று தேடி, அங்கே 'தமிழ் சப்ளிமென்டல் பொன்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

தட்டச்சுக்கு, 'டைம் அண்ட் லாங்குவேஜ்' பகுதியில் தமிழைச் சேர்த்தால் விண்டோஸுடன் வரும் தமிழ் 99, அஞ்சல் ஆகிய விசைப்பலகைகளைத் தெரிவுசெய்யலாம். ஆனால் நம்மில் பெரும்பாலோரின் விரல்கள் பாமினி முறையையோ, இலங்கைத் தரமாக ஏற்கப்பட்ட ரெங்கநாதன் முறையையோ பழகியவை. பாமினி விசைகளை அழுத்தியே ஒருங்குறியில் எழுத என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை போன்ற இலவச மென்பொருள்கள் உதவும். புதிய லப்டொப்பில் இவற்றை நிறுவ முடியவில்லை, ஸ்டோரிலிருந்து மட்டுமே நிறுவலாம் என்று சொல்கிறது என்றால், அது 'எஸ் மோட்' இல் வந்த கணினி. செற்றிங்ஸின் அக்டிவேஷன் பக்கத்தினூடாக ஸ்டோருக்குச் சென்று அதிலிருந்து இலவசமாக வெளியேறலாம். வெளியேறினால் மீண்டும் அதற்குத் திரும்ப முடியாது, ஆனால் அதனால் உங்களுக்கு நட்டம் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று: 'அட்வான்ஸ்ட் கீபோர்ட் செற்றிங்ஸ்' பக்கத்தில், ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெவ்வேறு உள்ளீட்டு முறையை அனுமதிக்கும் தெரிவைக் குறித்துவிடுங்கள். அதன் பின் வேர்ட் தமிழிலும் பிரவுசர் ஆங்கிலத்திலும் நிற்கும். ஒவ்வொரு முறை தாவும்போதும் மொழி மாற்ற வேண்டியதில்லை. மாற்ற வேண்டியபோது விண்டோஸ் விசையுடன் ஸ்பேஸ் பட்டையை அழுத்தினால் போதும்.

படி 7: மிகுதியை விசைகளிடம் விடுங்கள்

மெனுக்கள் இடம் மாறிக்கொண்டே இருக்கின்றன, குறுக்கு விசைகளோ பதிப்புக்குப் பதிப்பு நிலைத்து நிற்கின்றன. விண்டோஸ் விசையுடன் ஈ அழுத்தினால் கோப்புறைகள், டி அழுத்தினால் டெஸ்க்டொப், எல் அழுத்தினால் பூட்டு. வீ அழுத்தினால் முன்பு நகலெடுத்தவற்றின் பட்டியல். ஒரு செயலி எங்கே என்று தேடாமல், விண்டோஸ் விசையை ஒருமுறை தட்டிவிட்டு அதன் பெயரின் முதல் மூன்று நான்கு எழுத்துகளைத் தட்டுங்கள். கொன்ட்ரோல் பேனலும் இப்படித்தான் கிடைக்கும். செற்றிங்ஸ் பக்கங்களில் தேடி அலையத் தேவையில்லை. உங்கள் தாளில் எழுதிய அசைவுகளில் எவை விசையாக மாறக்கூடியவை என்று பார்த்து, வாரத்துக்கு இரண்டை மட்டும் பழகுங்கள்.

ஓப்பன் ஷெல், ஸ்டார்ட்ஓல்பேக், எக்ஸ்புளோரர் பட்சர் போன்ற துணை மென்பொருள்கள் பழைய தோற்றத்தை மீளக் கொண்டுவரும். வீட்டில் விரும்பினால் வையுங்கள். ஆனால் பெரிய புதுப்பிப்புகள் வரும்போது இவற்றில் சில உடைந்து டாஸ்க்பாரே தோன்றாமல் போவதுண்டு. காலை எட்டரைக்கு வரிசையில் ஆட்கள் நிற்கும்போது அது நடந்தால் என்ன செய்வீர்கள் என்று யோசித்துவிட்டு நிறுவுங்கள்.

படி 8: லினக்ஸ் மின்ட் உங்களுக்குப் பொருந்துமா

விண்டோஸ் 11 ஏற்காத ஆனால் நல்ல நிலையிலுள்ள லப்டொப்புக்கு இது உண்மையான மாற்று. சினமன் மேசைத்தளத்தில் கீழே ஒரு பட்டை, இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். விண்டோஸ் 7 பழகியவருக்கு அந்நியமாகத் தெரியாது. 2024 ஜூலையில் வந்த மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. குறைந்தது 2 ஜிபி ரேம் போதும், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. ரேம் மிகக் குறைந்த கணினிக்கு எக்ஸ்எப்சிஈ என்ற இலகுவான பதிப்பைப் பாருங்கள்.

நிறுவாமலே சோதிக்க முடிவது இதன் பெரிய நன்மை. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் அதை எழுதி, அதிலிருந்தே கணினியைத் தொடக்குங்கள். வைபை, சத்தம், திரை வெளிச்சம், பிரிண்டர் நான்கும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். பிரிண்டரில் கூடுதல் கவனம் வேண்டும்: கெனன் எல்பிபி 2900 போன்றவை கெப்ட் என்ற தனி முறையில் இயங்குவதால், லினக்ஸில் அவற்றுக்கு வேறாக டிரைவர் நிறுவிச் சிரமப்பட வேண்டியிருக்கும். மின்ட்டுடன் வரும் லிப்ரே ஒபிஸ் என்ற இலவச மென்பொருள் வேர்ட் கோப்புகளைத் திறக்கும், ஆனால் சிக்கலான அட்டவணைகள் சற்று நகரும். பேஜ்மேக்கர், போட்டோஷொப் என்பவற்றில் பிழைப்பு நடத்துபவருக்கு இது சரிவராது. இணையம், மின்னஞ்சல், சூம் வகுப்பு, கடிதம் என்ற அளவில் கணினி பாவிக்கும் வீட்டுக்கு, குறிப்பாக ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருடைய மேசைக்கு, விண்டோஸ் 11 ஐ விட இதையே நான் முதலில் சொல்வேன். புதுப்பிப்பை எப்போது நிறுவுவது என்பதை அது உங்களிடம் கேட்கிறது.

ஆப்பிள் கணினிக்கு மாறினால் இந்தத் தொல்லை இல்லை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வரி: 2025 இல் வந்த மக்ஓஎஸ் டஹோ, கண்ணாடி போன்ற ஒளியூடுருவும் தோற்றத்தைத் திரை முழுவதும் கொண்டுவந்தது, அதன் பயனர்களில் ஒரு பகுதியினர் எழுத்தைப் படிக்கச் சிரமமாக இருப்பதாகவே முறையிடுகிறார்கள்.

படி 9: முறைப்பாட்டை உரிய இடத்தில் பதியுங்கள்

விண்டோஸ் விசையுடன் எப் அழுத்தினால் 'பீட்பேக் ஹப்' திறக்கும். அங்கே ஏற்கெனவே இருக்கும் முறைப்பாடுகளுக்கு ஆதரவு வாக்கும் அளிக்கலாம். ஸ்டார்ட் பட்டனும், டாஸ்க்பாரின் தனித்தனிப் பெயர்களும் திரும்பி வந்தது பயனர்கள் விடாமல் கேட்டதனால்தான். "பிடிக்கவில்லை" என்று எழுதுவதில் பயனில்லை. எந்த வேலை, முன்பு எத்தனை கிளிக், இப்போது எத்தனை கிளிக் என்று எழுதுங்கள். முதற் படியில் வைத்திருந்த தாள் இதற்கு அப்படியே உதவும். தமிழ் எழுத்துரு, விசைப்பலகை சம்பந்தமான பிழைகளானால் திரையைப் படமெடுத்து இணைத்து, மொழி அமைப்பு தமிழ் (இலங்கை) ஆக இருப்பதையும் குறிப்பிட்டு, ஆங்கிலத்தில் சுருக்கமாக எழுதினால் உரிய பிரிவினரைச் சென்றடைய வாய்ப்பு அதிகம்.